பழுது பார்க்கும் தூரம்

மதுரையில் பழைய மாடிக் கட்டடம் ஒன்றின் முதல் தளத்தை ஒரு சிறிய தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்திருந்தது. அதை இருபது பேர் உட்கார்ந்து வேலை செய்யும் அலுவலகமாக மாற்றித் தரும் பொறுப்பு எங்களிடம் வந்தது. சூழலுக்குச் சுமையாகாத அலுவலகமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை.

இன்றைக்கு எந்தப் பொருளின் விளம்பரத்தைப் புரட்டினாலும் ஒரு பச்சை இலை அச்சாகியிருக்கிறது. தரைக்கும் இலை, நாற்காலிக்கும் இலை, பெயின்ட் டப்பாவுக்கும் இலை. ஆனால் நகரங்களில் வாடகைக்கு இருப்பவர் மாறும்போதெல்லாம் அலுவலகத்தின் உட்புறம் முழுவதும் பெயர்க்கப்பட்டுக் குப்பைக்குப் போகிறது. உப்பிய மரத்தூள் பலகைகளும் கிழிந்த நுரை மெத்தைகளும் அணைந்த விளக்குகளும் லாரியில் ஏறுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை தேய்ந்து போனவை அல்ல. எங்கோ ஒரு மூலையில் கெட்டு, சரிசெய்ய ஆள் இல்லாததால் தூக்கி எறியப்பட்டவை.

என்னுடன் வேலை செய்யும் கட்டடக் கலைஞர் எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "இது உடைஞ்சா யாரு சரிபண்ணுவாங்க? அவங்க எவ்வளவு தூரத்துல இருக்காங்க?" அந்தக் கேள்வியோடுதான் புதுச்சேரியில் தொடங்கித் தாமிரபரணிக் கரை வரை பொருள்கள் பிறக்கும் இடங்களைத் தேடிப் போனோம்.

புதுச்சேரி: முதலில் வெளிச்சம்

அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடமான கோல்கொண்டா, புதுச்சேரியின் பழைய நகரப் பகுதியில் இருக்கிறது. செக் நாட்டில் பிறந்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பணியாற்றிய அன்டோனின் ரேமண்ட் வரைந்த கட்டடம் இது. பின்னாளில் மரச் சாமான்களுக்காக உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் நகாஷிமா இளைஞராக இங்கே தங்கி வேலையை மேற்பார்த்தார். 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய பணி இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் நடந்தது. இந்தியாவில் கம்பி கட்டிய கான்கிரீட்டில் எழுந்த முன்னோடிக் கட்டடங்களில் இதுவும் ஒன்று.

ஆசிரமவாசிகள் குடியிருக்கும் இடம் என்பதால் நினைத்தவுடன் உள்ளே போய்விட முடியாது. தெருவில் நின்று பார்த்தாலே எங்களுக்கு வேண்டிய பாடம் கிடைத்தது. கட்டடத்தின் நீண்ட முகங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அந்த முகங்கள் முழுக்கக் கிடைமட்டமாக அடுக்கிய அசையும் பலகைகள். அவற்றைத் திருப்பினால் காற்று வரும், வெளிச்சம் வரும், நேர் வெயில் வராது. உள்ளே அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களால் ஆன நகரும் கதவுகள். கதவை மூடியிருந்தாலும் காற்று நிற்பதில்லை. எண்பது ஆண்டுகள் கழித்தும் அது குளிரூட்டி இல்லாமல் மனிதர்கள் வாழக்கூடிய கட்டடமாக இருக்கிறது.

விளக்கு வாங்குவதற்கு முன் ஜன்னலைப் படிக்க வேண்டும் என்பதை இங்கேதான் உறுதி செய்துகொண்டோம். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் வேலைக்கு உதவும். மேல்விளிம்பு 7 அடி என்றால் 14 அடி. அதற்குள் மேசைகளைப் போட வேண்டும். கோப்பு அலமாரி, நகல் எடுக்கும் இயந்திரம், உணவு மேசை எல்லாம் அதற்கு அப்பால் போகலாம். எங்கள் மதுரைக் கட்டடத்தில் வடக்குச் சுவரில் உயரமான ஜன்னல்கள் இருந்தன. முன்பிருந்தவர்கள் அவற்றைப் பலகை அடித்து மூடி, பகலிலேயே விளக்கு எரித்திருந்தார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் உட்கார்ந்து மேசை வரைபடத்தைத் திருத்தினோம். வடக்கு ஜன்னல்கள் முழுக்கத் திறக்கும், மேற்கு ஜன்னல்களுக்குத் தட்டி வரும், கூரையின் உட்புறத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கப்படும்.

இருட்டிய பிறகு விளக்கு வேண்டும்தான். படிக்கும் எழுதும் மேசையில் 300 முதல் 500 லக்ஸ் வெளிச்சம் போதும். அந்த அளவை அறை முழுவதற்கும் கொடுப்பது வீண். பொது வெளிச்சத்தைக் குறைத்து, மேசைக்கு ஒரு விளக்கு தனியாக வைத்தால் வேண்டியவர் வேண்டும்போது போட்டுக்கொள்வார். பழைய குண்டு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்து, பதினைந்து லூமன் கொடுத்த இடத்தில் இன்றைய எல்இடி ஏறக்குறைய நூறு கொடுக்கிறது. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் பொய்க்கூரையில் பதிக்கும் பல எல்இடி விளக்குகள் ஒரே துண்டாக மூடி வருகின்றன. உள்ளே இருக்கும் டிரைவர் என்ற சிறு மின்பகுதி கெட்டால் முழு விளக்கையும் கழற்றி எறிய வேண்டும். அதனால் சாதாரண ஹோல்டரில் மாட்டும் பல்புகளையும், டிரைவரைத் தனியாக மாற்றக்கூடிய குழல் விளக்குகளையும் மட்டுமே பட்டியலில் எழுதினோம். அவை மதுரை டவுன் ஹால் ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மாற்றுவதற்கு அலுவலக உதவியாளரே போதும்.

பக்கத்தில் ஆரோவில்லுக்கும் போனோம். 1989 முதல் இயங்கும் ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம், அங்கேயே தோண்டிய செம்மண்ணில் 5 சதவீதம் அளவுக்குச் சிமெண்ட் கலந்து, அச்சு இயந்திரத்தில் அழுத்திக் கல் செய்கிறது. சூளையும் இல்லை, விறகும் இல்லை. கையால் தடவிப் பார்த்தால் மழமழவென்று இருக்கும் அந்தக் கல்லின் மேல் ஆசை வராமல் இருக்காது. இருந்தாலும் எங்களுடையது பழைய கட்டடத்தின் மேல்தளம். அதன் மேல் மண்சுவர் பாரத்தை ஏற்றக்கூடாது. நல்ல பொருளே ஆனாலும் அந்த இடத்துக்குப் பொருந்தாவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

தைக்கால்: பிரம்பின் கணக்கு

கடலோரச் சாலையில் தெற்கே வந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் தைக்கால். சாலையின் இரு பக்கமும் பிரம்புக் கடைகள். ஊஞ்சல், மோடா, சாய்வு நாற்காலி, தொட்டில் என வாசல் வரை தொங்குகின்றன. கடைக்குப் பின்னால் பட்டறை. தீச்சுடரில் காட்டிப் பிரம்பைச் சூடாக்கி, சட்டத்தில் கொடுத்து வளைக்கிறார்கள். சூடு கொஞ்சம் கூடினால் கருகும், குறைந்தால் ஒடியும்.

பிரம்பு இயற்கைப் பொருள், மக்கிப்போகும் பொருள் என்பதெல்லாம் உண்மை. ஆனால் அது இந்தக் கரையில் விளைவதில்லை. அசாம் போன்ற தொலைவான இடங்களின் காடுகளிலிருந்து வருகிறது. அந்த லாரித் தூரத்தையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அதனால் முழு நாற்காலியாக வாங்குவதா என்று யோசித்தோம். பட்டறைக்காரரிடம் பேசியபோது அவரே வழி சொன்னார்.

"உங்ககிட்ட பழைய மர நாற்காலி இருக்கா சார்? சட்டம் நல்லா இருந்தா போதும். உக்கார்ற எடத்துக்கும் சாயுற எடத்துக்கும் நான் பின்னித் தர்றேன். பிரம்பு நார் மட்டும்தான் செலவு. பிஞ்சா மறுபடி பின்னிக்கலாம், சட்டத்துக்கு ஒண்ணும் ஆகாது."

தாலுகா அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நாம் எல்லோரும் பார்த்து வளர்ந்த நாற்காலிதான் அது. பின்னல் பிய்ந்ததும் ஏலத்தில் போய்விடும். தேக்கிலும் வேங்கையிலும் செய்த சட்டம் இன்னும் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும். நம் ஊர் வெயிலுக்குப் பின்னல் இருக்கை காற்று விடும். நுரை மெத்தையும் ரெக்சினும் வியர்வையைத் தேக்கி வைக்கும், கிழிந்தால் மண்ணில் மக்காது. ஏலத்தில் சட்டங்களை எடுத்துத் தைக்காலுக்கு அனுப்புவதென்று அங்கேயே பேசி முடித்தோம்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாள் முழுக்கக் கணினி முன் உட்காருபவருக்கு உயரத்தையும் சாய்வையும் மாற்றக்கூடிய நாற்காலி தேவை. முதுகை வருத்திப் பூமியைக் காப்பாற்றச் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்கு நவீன நாற்காலிதான். சக்கரம், உயர்த்தும் குழாய், இருக்கைத் துணி ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி மாற்ற முடிகிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கூட்ட அறைக்கும் வரவேற்பறைக்கும் பிரம்பு நாற்காலி.

ஆத்தங்குடி: தீ படாத தரை

காரைக்குடிக்கு அருகே இருக்கிறது ஆத்தங்குடி. இங்கே தரைக்கல் செய்யும் இடங்களில் இயந்திரச் சத்தமே இருக்காது. தரையில் குந்தி உட்கார்ந்த ஒருவர், ஒரு சதுரக் கண்ணாடி, ஒரு உலோக அச்சு, சில வண்ணக் கிண்ணங்கள். தொழிற்சாலை அவ்வளவுதான். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, பூவின் இதழுக்கு ஒரு வண்ணம், இலைக்கு ஒரு வண்ணம், ஓரத்துக்கு ஒரு வண்ணம் என்று கரைத்த சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுகிறார். அச்சை மேலே தூக்கினால் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. அதன் மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த தூளைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பிக் கரணையால் சமன் செய்கிறார். காய்ந்த கல்லைச் சில நாட்கள் தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். கண்ணாடியை விடுவித்ததும் அதன் வழவழப்பு கல்லின் முகத்தில் அப்படியே பதிந்திருக்கிறது.

கடையில் விற்கும் விட்ரிஃபைட் டைல்ஸ் ஏறக்குறைய 1,200 டிகிரி வெப்பத்தில் வேகிறது. அதில் பெரும்பகுதி குஜராத்தின் மோர்பியிலிருந்து ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் பயணம் செய்து மதுரைக்கு வருகிறது. ஆத்தங்குடிக் கல் சூளையே காணாமல், 100 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் இதிலும் சிமெண்ட் இருக்கிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. கைவேலை என்பதாலேயே பாவமில்லாத பொருள் ஆகிவிடாது.

நாங்கள் அளவைச் சொல்லத் தொடங்கியதும் பட்டறை நடத்தும் பெரியவர் குறுக்கிட்டார்.

"இப்ப என்ன தரை கெடக்கு?"

"பழைய சிவப்புக் காவித் தரை, ஐயா. வாசல் பக்கம் ஒரு அறையில மட்டும் பழைய பூக்கல்லு. அதுல கொஞ்சம் உடைஞ்சிருக்கு."

"படம் இருக்கா?" என்று கேட்டுக் கைப்பேசியை வாங்கிப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய அச்சுகளில் ஒன்றை எடுத்து வந்தார். பூ ஏறக்குறைய அதேதான். "முப்பது கல்லு போதும். காவித் தரைய ஏன் உடைக்கிறீக? தேச்சு எண்ணெய் போட்டா கண்ணாடியாட்டம் வந்துரும்."

ஆலையில் செய்த டைல்ஸ் வடிவம் ஒன்று சந்தையிலிருந்து போய்விட்டால் பிறகு அதே கல் கிடைக்காது. நாலு கல் உடைந்ததற்காக அறையையே பெயர்த்தவர்கள் நிறைய. இங்கே அச்சு சுவரில் தொங்குகிறது. அடுத்த தலைமுறை வந்து கேட்டாலும் முப்பது கல் ஊற்றித் தருவார்கள். ஏற்கெனவே கிடக்கும் தரையைவிடச் சிக்கனமான தரை இல்லை. ஆயிரம் கல் வாங்கப் போன எங்களுக்கு முப்பது கல்லோடு வேலை முடிந்தது. எலுமிச்சை, வினிகர், அமிலம் கலந்த தரை துடைக்கும் திரவம் எதுவும் அதன் மேல் படக்கூடாது என்றும், தண்ணீரில் சில துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் போதும் என்றும் பெரியவர் சொல்லி அனுப்பினார்.

காரைக்குடி: ரங்கூனிலிருந்து வந்த மரம்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பர்மாத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், பெட்டகங்கள், எனாமல் தூக்குகள், பீங்கான் ஜாடிகள். வட்டித் தொழிலும் வாணிபமும் செய்து பர்மாவில் பொருள் ஈட்டிய நகரத்தார் ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த மரம் இது. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும் 1942இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்ததும் அந்த வாழ்வை முறித்தன. ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள், அவர்கள் பல நாடுகளில். பராமரிக்க முடியாமல் வீடு விலைக்குப் போகும்போது கதவு ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம் என்று பிரிகிறது.

பழைய மரத்தை மறுபடி பயன்படுத்துவது சூழலுக்கு மிக நல்லது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி. அதை எரிக்காமல், மக்கவிடாமல் மேசையாக வைத்திருக்கும்வரை அந்தக் கரி காற்றில் சேராது. பல பத்தாண்டுகள் காய்ந்த பலகை இனி முறுக்கிக்கொள்ளாது. ஆனால் இந்தத் தெருவில் மனம் கனக்காமல் நடக்க முடியவில்லை. செதுக்கிய நிலைக்கதவுக்கு நகரத்து அலுவலகங்கள் கொடுக்கும் விலைதான் இன்னொரு வீட்டை இடிக்கத் தூண்டும் விலையும். சிற்பம் உள்ள எதையும் வாங்குவதில்லை என்று நாங்கள் முடிவெடுத்தோம். கடைக்காரரிடம், "அண்ணே, உத்திரம், சட்டம், தட்டுப் பலகை, யாரும் கேக்காத உடைசல் இருந்தா காட்டுங்க" என்றோம். அவர் கடைக்குப் பின்னால் கூட்டிப் போனார். விறகுக்குப் போகவிருந்த அடுக்கு அது. இருபது பேருக்கு மேசைப் பலகை அதிலேயே தேறியது.

மேசைகளை ஆணியும் பசையும் குறைத்து, துளையும் கொழுவும் சேரும் பழைய இணைப்பில் செய்யச் சொன்னோம். கழற்றி மாட்டலாம், கால் ஆடினால் உள்ளூர்த் தச்சரே ஆப்பு வைத்து இறுக்கலாம். மலிவான மரத்தூள் பலகையில் இது முடியாது. ஒருமுறை திருகைக் கழற்றினால் மறுமுறை பிடிக்காது, தண்ணீர் பட்டால் உப்பும். அதை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைடு மெல்ல வெளியேறும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருப்பது அது. புது அலுவலகத்தின் 'புது வாசனை' என்று நாம் மகிழ்வதில் அதற்கும் பங்கு உண்டு. அலமாரிகளுக்குத் தவிர்க்க முடியாத இடத்தில் பிளைவுட் வாங்கினால், அந்த வாயு குறைவாக வெளிவரும் ஈ-0 அல்லது ஈ-1 தரமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

இன்னொரு நல்ல மரம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்ததும் வெட்டப்படும். ஒரு காலத்தில் அடுப்புக்குப் போன அந்த மரத்தைப் பூச்சி அரிக்காதபடி போரான் உப்பில் பதப்படுத்தினால் அலமாரிக்கு அருமையான பலகை. எங்கள் புத்தக அடுக்குகளுக்கு அதையே எழுதிக்கொண்டோம்.

மானாமதுரை வழியாக

தெற்கே போகும் வழியெல்லாம் சீமைக் கருவேலம். வயலைத் தின்னும் மரம் என்று அதை வேரோடு பிடுங்குகிறோம், கரி மூட்டம் போடுகிறோம். சுருக்கம் மிகக் குறைந்த, உறுதியான மரம் அது. வளைந்து வளர்வதால் நீளப் பலகை கிடைக்காதே தவிர, கைப்பிடிக்கும் முக்காலிக்கும் சிறு துண்டுகள் இணைத்த மேற்பரப்புக்கும் நன்றாகப் பொருந்தும். அதில் வேலை செய்யத் துணியும் தச்சர்களை ஊக்குவித்தால், அழிக்க நினைக்கும் மரமே பிழைப்பாகும்.

கடம் செய்வதற்குப் பேர்போன மானாமதுரையில் குடிநீர்ப் பானைகள் வாங்கினோம். மின்சாரம் இல்லாமல் தண்ணீர் குளிர, அலுவலகத்துக்கு அதைவிட என்ன வேண்டும்?

பத்தமடை: கோரையின் மௌன வேலை

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், தாமிரபரணிப் பாசனத்தில் இருக்கிறது பத்தமடை. புவிசார் குறியீடு பெற்ற பாய் ஊர். இங்கே இஸ்லாமியக் குடும்பங்களின் பெண்கள்தாம் பெரும்பாலும் நெய்கிறார்கள். ஆற்றோரக் கோரையை அறுத்து, உலர்த்தி, நீரில் ஊறவைத்து, நுணுக்கமாகக் கிழித்துச் சாயமேற்றுகிறார்கள். மெல்லிய பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். அந்த உழைப்புக்கு அவர்கள் கையில் சேரும் கூலி மிகக் குறைவு. சூழலைக் காப்பதாகச் சொல்லும் அலுவலகம், நெய்பவரின் வயிற்றைப் பார்க்காமல் விலை பேசினால் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. கேட்ட விலையைக் கொடுத்தோம்.

எங்களுக்குத் தேவைப்பட்டது படுக்கும் பாய் அல்ல. மேற்கு ஜன்னலுக்குச் சுருட்டும் தட்டி, கூட்ட அறைச் சுவருக்கு ஒலி அடக்கும் விரிப்பு. வெற்றுச் சுவர் பேச்சை எதிரொலிக்கும். சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விட்டுச் சட்டத்தில் பாயை இழுத்துக் கட்டினால் அந்த இரைச்சல் தணியும். கடையில் விற்கும் செயற்கை நுரைப் பலகைக்கு இது மாற்று. அகலத்தைச் சொன்னதும் நெய்யும் அம்மா தறியை அளந்து பார்த்தார்.

"ரெண்டு துண்டா நெஞ்சு தாரேன் தம்பி, ஒண்ணு கெட்டா ஒண்ண மட்டும் மாத்திக்கிடலாம். ஈரச் செவுத்துல மட்டும் மாட்டிராதிய. பூஞ்சை புடிச்சிரும். வருசத்துக்கு ரெண்டு வாட்டி எறக்கி வெயில்ல போடணும், பாத்துக்கிடுங்க."

எங்கள் கட்டடக் கலைஞர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்த கேள்விக்கு, கேட்காமலே பதில் சொன்னவர் அவர்தான்.

முதல் பக்கம்

மதுரை திரும்பியதும் பட்டியலை எழுதினோம். தரை பழையது, முப்பது கல் மட்டும் புதிது. சுவருக்குச் சுண்ணாம்பு. அது இறுகும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். மேசைக்கு உத்திரப் பலகை, அடுக்குக்கு ரப்பர் மரம், இருக்கைக்கு ஏலச் சட்டமும் தைக்கால் பின்னலும், வெயிலுக்கும் ஒலிக்கும் கோரை. தலைக்கு மேல் பழைய 75 வாட் விசிறிகளுக்குப் பதில் 35 வாட்டுக்குள் சுழலும் பிஎல்டிசி விசிறிகள், அதுவும் உள்ளூரில் சர்வீஸ் உள்ள நிறுவனத்தினுடையவை. கூட்ட அறையில் மட்டும் ஒரு குளிரூட்டி, 26 டிகிரியில். கைவேலைப் பொருள்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம், பெயர்க்காமல் விட்ட தரையில் மிச்சமானது.

பணியை ஒப்படைக்கும்போது எல்லோரும் ரசீதுகளையும் உத்தரவாத அட்டைகளையும் கொடுப்பார்கள். நாங்கள் அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் ஓர் அட்டவணை வைத்தோம். ஒவ்வொரு பொருளுக்கு எதிரிலும் அதைச் செய்தவர் பெயர், ஊர், கைப்பேசி எண், எந்த மாதத்தில் என்ன பராமரிப்பு, உடைந்தால் யாரைக் கூப்பிடுவது. விளக்கு, விசிறி, மேசைக்கு மதுரைக்குள்ளேயே ஆள். தரைக்கு ஆத்தங்குடி, பாய்க்குப் பத்தமடை. மிக நீண்ட தூரம் தைக்கால். கணினி நாற்காலிக்கு மட்டும் உதிரிப் பாகக் கடையின் முகவரி.

அலுவலகம் அமைக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இந்த ஒரு பக்கத்தைத்தான். பொருளை வாங்கும் முன் இந்த அட்டவணையை எழுதிப் பாருங்கள். ஒரு பொருளுக்கு எதிரே ஆள் பெயர் எழுத முடியாமல் கட்டம் காலியாக நின்றால், அதன் மேல் எத்தனை பச்சை இலை அச்சிட்டிருந்தாலும் அது என்றோ ஒரு நாள் குப்பை லாரியில் ஏறப்போகும் பொருள்தான். அந்தக் கட்டத்தை நிரப்பக்கூடிய மனிதர்கள் நம் மாவட்டங்களில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நாம் வேலை கொடுத்தால்தான் அவர்கள் பிள்ளைகளும் அந்த வேலையைத் தொடர்வார்கள்.